‘ஒரு மாதிரி இருக்கிறார்’: படுக்கையில் இருக்கும் கணவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு

கடிதம் எழுதிக் கேட்டவர் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துக்காரர். கணவருக்கு வயது 57. வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். பங்குனியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. மூக்கு வழியாக உணவுக் குழாய், கீழே சிறுநீர்க் குழாய் இரண்டோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றரை மாதத்தில் சாய்ந்து உட்காரத் தொடங்கினார். பிறகு நிமோனியா என்று ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். திரும்பி வந்தபோது இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். அது ஆறுவதற்குள் சிறுநீர்த் தொற்று, மறுபடி ஆஸ்பத்திரி. “ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேறுகிறார், உடனே விழுந்துவிடுகிறார். எல்லாம் பார்க்கிற விதத்தில்தான் இருக்கிறது என்கிறார் நாத்தனார். நான் எங்கே தவறு செய்தேன், சிஸ்டர்? இன்னொரு தடவை இப்படி வராமல் இருக்க என்ன செய்யவேண்டும்? மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ கொண்டு போகவா?” இதுதான் அவர் கேட்டது.

அம்மா, நான் பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு ஆண்டு செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதன் பிறகு மூன்றரை ஆண்டு என் கணவரை வீட்டில் வைத்துப் பார்த்தேன். அவருக்கும் பக்கவாதம்தான், இடது பக்கம். ஆகவே வார்டு பக்கமிருந்தும் கட்டில் பக்கமிருந்தும் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தவறு பற்றிய கேள்வி. உங்கள் கணவருக்கு வந்த மூன்றும் பக்கவாதத்தின் பின்னாலேயே நடந்து வருகிறவை. மூளையில் அடிபட்டதும் கை கால் மட்டும் விழுவதில்லை, தொண்டையில் விழுங்கும் தசையும் தளர்ந்துபோகிறது. நாம் அறியாமலே விழுங்கிக்கொண்டிருக்கிற எச்சில் அவருக்கு இரவில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்ப் பக்கம் வழிகிறது. நெஞ்சில் சளி அப்படித்தான் சேர்ந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அசைய முடியாமல் கிடந்த நாட்களில் இடுப்பெலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட தோலுக்கு ரத்தம் போகாமல் புண் வந்தது. உடம்புக்குள் ஒரு குழாய் வாரக்கணக்கில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கிருமி ஏறும். எத்தனை சுத்தமாக வைத்திருந்தாலும் ஏறும், சுத்தம் அதைத் தள்ளிப்போடும். இதில் நீங்கள் செய்தது என்று ஒன்றும் இல்லை.

சொல்வதோடு நிறுத்தாமல் என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். என் கணவரின் முதுகையும் இடுப்பையும் தினம் இரண்டு வேளை டார்ச் அடித்துப் பார்ப்பேன். எத்தனையோ நோயாளிகளின் புண்ணைக் கட்டியவள் நான், என் வீட்டில் புண் வரக்கூடாது என்று ஒரு வைராக்கியம். மார்கழிக் குளிருக்கு அவருக்குக் காலுறை போட்டிருந்தேன். ஒரு நாள் காலை வெந்நீரில் துடைப்பதற்காகக் காலுறையைக் கழற்றினால், குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருநீலம். விரல் வைத்தால் சுட்ட கத்தரிக்காய்த் தோல் போல மெத்தென்று உள்ளே போனது. இரண்டு நாளாக அந்தக் காலுறையை நான் கழற்றவில்லை. புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் முதல் இரண்டு வாரத்தை என்னை நானே திட்டிக்கொள்வதில் கழித்தேன். அந்த இரண்டு வாரத்திலேயே அவருக்குச் சிறுநீர் கலங்கி வந்ததைக் கவனிக்காமல் விட்டேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. முடிந்ததில் எங்கே தவறு என்று தோண்டும் மனது, அடுத்தது வருகிற குறியைப் பார்க்காது.

அந்தக் குறி நிச்சயம் இருக்கும். நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாளுக்கு முதல் நாளை நினைத்துப் பாருங்கள். “அன்றைக்கே ஒரு மாதிரி இருந்தார்” என்று உங்களுக்குத் தோன்றும். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். “ஒரு மாதிரி என்றால் எப்படி? சரியாகச் சொல்லுங்கள்” என்று வார்டில் நானே பல பெண்களை அதட்டியிருக்கிறேன். அதற்காக இன்று வருந்துகிறேன். முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் ‘ஒரு மாதிரி’ என்று சொன்னால் அதில் கண் திறக்கும் வேகம், மூச்சின் சத்தம், கையைப் பிடிக்கும் இறுக்கம், முகத்தின் நிறம் எல்லாம் அடங்கியிருக்கிறது. மூளையில் அடிபட்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் தொற்று வந்தால் உடனே காய்ச்சல் அடிக்கவேண்டும் என்பதில்லை. தூக்கம் அதிகமாகும், அல்லது காரணமில்லாமல் முரண்டு பிடிப்பார்கள். காய்ச்சல் ஒரு நாள் கழித்து வரும். சில சமயம் வராமலே போகும்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். உங்கள் ‘ஒரு மாதிரி’யை நம்புங்கள், நம்பி, அதை எண்ணாக்கி ஒரு நோட்டில் எழுதுங்கள். எண்ணாக இருந்தால் இரவு ஒரு மணிக்கு அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார். “நேற்றிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறார் டாக்டர்” என்று சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்வார்.

நாற்பது பக்க நோட்டு போதும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: ‘சூடு 98.4, மூச்சு 18, நாடி 82, ஆக்சிஜன் 97, இரவு யூரின் 550, கூப்பிட்டதும் கண் திறந்தார்.’ மறுநாள்: ‘சூடு 99, மூச்சு 23, நாடி 100, ஆக்சிஜன் 95, யூரின் 300, மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் கண் திறந்தார், கஞ்சி போகும்போது இருமினார்.’ இரண்டாவது வரியில் தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்துவதாக இல்லை. முதல் வரிக்குப் பக்கத்தில் வைத்தால் ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். அன்று காலையே மருத்துவரைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்க்காமலே மருந்தோடு போயிற்று.

இதில் மூச்சை எண்ணுவதுதான் முக்கியம், பலர் செய்யாததும் அதுதான். அவர் அமைதியாக இருக்கும்போது வயிற்றின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். சாதாரணமாக 12-லிருந்து 20 வரை இருக்கும். 24-ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசவேண்டும். காய்ச்சல் 100.4, நாடி 110-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், இவையும் அப்படியே. 2020-இல் கொரோனாவுக்கு வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. பேட்டரி மாற்றினால் வேலை செய்யும். விரல் குளிர்ந்திருந்தால் தப்பாகக் காட்டும், உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள்.

இனி உணவுக் குழாய். ரைல்ஸ் டியூப் என்கிற அந்தக் குழாய் மூக்கிலிருந்து வெளியே வரும் இடத்தில் பேனாவால் சுற்றி ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு வேளையும் ஊற்றுவதற்கு முன் அந்தக் கோடு மூக்கு நுனியில் இருக்கிறதா என்று பாருங்கள். வாயைத் திறந்து டார்ச் அடித்துக் குழாய் தொண்டையில் சுருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கோடு வெளியே வந்திருந்தால் அந்த வேளை உணவு கிடையாது. குழாயை உள்ளே தள்ளவும் கூடாது. செவிலியர் வந்து மாற்றட்டும். ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது, நுரையீரலுக்குள் இருநூறு மில்லி கஞ்சி போனால் ஆகும். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் மட்டும், உணவு தள்ளிப்போகும்போது இன்சுலின் என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்காமல் ஊசி போடாதீர்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போவது, ஏறுவதைவிட வேகமாக ஆளைக் கவிழ்க்கும்.

ஊற்றும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்கவேண்டும், படுக்கைக்கும் முதுகுக்கும் இடையே முப்பது டிகிரிக்குக் குறையக்கூடாது, நாற்பத்தைந்து இருந்தால் நல்லது. ஊற்றி முடித்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மடக்கும் கட்டில் இல்லாவிட்டால் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் தலையணைகளை அடுக்கலாம். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள், இல்லையென்றால் சறுக்கிச் சறுக்கிக் கீழே போய்விடுவார். சறுக்கும்போது இடுப்புப் புண்ணும் உராயும். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு வெறும் குழலில் ஊற்றி, தானாக இறங்க விடுங்கள். அழுத்தித் தள்ளாதீர்கள். முன்னும் பின்னும் முப்பது மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது. நம் பக்கத்தில் தெம்புக்கென்று கறுப்பு உளுந்தில் கஞ்சி வைப்போம். நல்லதுதான், ஆனால் தொலி குழாயை அடைத்துவிடும், ஆற ஆற இறுகவும் செய்யும். துணியில் இரண்டு தடவை வடிகட்டி, நீர்க்க வைத்து, மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்துக் கொடுங்கள். மாத்திரைகளை ஒன்றாகப் பொடித்துக் கலக்காமல் ஒவ்வொன்றாகக் கரைத்து விடுங்கள். எதையெல்லாம் பொடிக்கக்கூடாது என்று மருந்தாளுநரிடம் ஒருமுறை கேட்டு நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள். மெதுவாகக் கரைவதற்கென்று செய்த மாத்திரையைப் பொடித்தால் முழு வீரியமும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

வாய் வழியாகச் சாப்பிடவில்லை என்பதால் வாயைச் சுத்தம் செய்யவேண்டாம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படி விட்டால் அங்கே கிருமி பெருகுகிறது, அந்த எச்சில்தான் நெஞ்சுக்குள் வழிகிறது. நிமோனியாவைத் தள்ளி வைக்க உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ். காலையும் இரவும், முடிந்தால் மத்தியானமும், முகத்தை ஒருபக்கம் திருப்பி, ஈரப் பிரஷால் பல், ஈறு, நாக்கு எல்லாம் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லவேண்டாம்.

ஒரு வாய் சூப் பற்றியும் சொல்லியாகவேண்டும். பார்க்க வருகிறவர்கள் ஆட்டுக்கால் சூப்போடு வருவார்கள். நீங்கள் அடுப்படியில் இருக்கும்போது, “ஒரு வாய் கொடுத்தால் தெம்பு வரும்” என்று ஒரு கரண்டி விட்டுவிடுவார்கள், அன்பினால்தான். அவர் இருமாமல்கூட இருப்பார். இருமவில்லை என்றால் சரியாக இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. பக்கவாதத்தில் இருமும் உணர்வே மழுங்கியிருக்கலாம். நீர்த்த பொருள்தான் இவர்களுக்கு அதிக ஆபத்து. தண்ணீர், காபி, சூப் எல்லாம் தொண்டை சுதாரிப்பதற்குள் ஓடிவிடும். கெட்டியானதுதான் மெதுவாகப் போகும். இது கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனாலும் உண்மை. எப்போது, எதிலிருந்து வாய்வழி தொடங்கலாம் என்பதை விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லவேண்டும். கட்டில் தலைமாட்டில் ‘வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்கள் – டாக்டர் உத்தரவு’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் சொன்னால் மனத்தாங்கல், டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

அடுத்து புண். அது இடுப்புக்குக் கீழே, தண்டெலும்பின் அடியில் இருக்கிறது என்றால் இனி அவர் மல்லாந்து படுப்பதைக் குறைத்துவிடுங்கள். இடது, வலது என்று மாற்றுங்கள். முழுதாக ஒருக்களிக்க வேண்டாம், இடுப்பு மூட்டெலும்பில் பாரம் விழும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, பாதி சாய்வாக வைத்தால் போதும். பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை. உணவு நேரத்தில் நிமிர்ந்து உட்காரத்தான் வேண்டும். அந்த ஒரு மணி போக மற்ற நேரம் புண்ணுக்கு விடுதலை. குதிகால் இரண்டும் மெத்தையில் படாமல் தொங்குமாறு கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. காலுறை போட்டால் தினம் கழற்றிப் பாருங்கள், நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சிவந்த இடத்தில் விரலை அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள், அந்தப் பக்கம் இனிப் படுக்கவைக்காதீர்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது, ஸ்பிரிட் தடவுவது, பவுடர் கொட்டுவது, நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தில் உட்காரவைப்பது, நான்கும் கெடுதல். வளையம் சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெரித்து நடுவில் உள்ள தோலைச் சாகடிக்கும். வாழைத்தோட்டம் உள்ள ஊர், இலையில் படுக்கவைக்கலாமே என்று கேட்பீர்கள். தளிர் இலை குளிர்ச்சியாக இருக்கும், தோலில் ஒட்டாது, அவ்வளவுதான். எலும்பின் பாரத்தை அது தாங்காது. பத்தமடைப் பாயும் அப்படித்தான், வெயில் காலத்துக்கு அதைவிட இதமானது இல்லை, ஆனால் அசையமுடியாதவர் அதன்மேல் நேரடியாகக் கிடந்தால் கோரையின் வரி தோலில் பதியும். காற்று மாறி மாறி ஏறி இறங்கும் ஏர் பெட் வாங்குங்கள், மருத்துவமனைச் சாமான் கடைகளில் வாடகைக்கும் கிடைக்கிறது. அதன்மேல் ரெக்சினை விரிக்கவேண்டாம், வியர்வை தேங்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டியை நான்காக மடித்துப் போடுவதைப் போல வேறு விரிப்பு கிடையாது. சாரல் காலத்தில் துணி காயாது, அதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு சேர்த்து வையுங்கள்.

புண்ணைக் கழுவ, அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஆறவைத்தால் அதுவே சலைன். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நுரைக்கிற மருந்தெல்லாம் புதிதாக வளரும் சதையையும் அரிக்கும். நாற்றம் வந்தாலோ, சுற்றிலும் சூடாகச் சிவந்தாலோ, கறுத்த தோல் பொத்தென்று கழன்றாலோ வீட்டு வைத்தியத்தின் எல்லை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்க் குழாய்க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். புரட்டும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைக்கும் பழக்கத்தை விடுங்கள், பையில் உள்ளது திரும்ப ஏறும். வெளியே தெரியும் குழாயைத் தினமும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். குழாயையும் பையையும் பிரித்துப் பிரித்து மாட்டாதீர்கள். மாற்றும் தேதியை நோட்டில் குறியுங்கள். சாதாரண ரப்பர்க் குழாய் இரண்டு முதல் நான்கு வாரம், சிலிக்கான் குழாய் பன்னிரண்டு வாரம் வரை. நான்கு மணி நேரம் பையில் எதுவும் இறங்காமல் அடிவயிறு கல் போல இருந்தால் குழாய் அடைத்திருக்கிறது, உடனே காட்டவேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். இதைவிட முக்கியமாக, இந்தக் குழாய் இன்னும் தேவையா என்று ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேளுங்கள். பல பேருக்கு ஆஸ்பத்திரியில் போட்டதை எடுக்க யாரும் நினைக்காததால் மாதக்கணக்கில் இருக்கிறது. எடுத்துவிட்டு, ஆண்களுக்கு வெளியே மாட்டும் சிறுநீர் உறையோ டயப்பரோ வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டால் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

சிறியதாகத் தெரிந்து பெரிதாக ஏமாற்றுகிற ஒன்று மலச்சிக்கல். நான்கைந்து நாள் போகாமல் இருந்துவிட்டு, திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு கசிகிற நீர் அது. அவர் பேசமுடியாதவர், வயிறு வலித்தால் கையை வீசுவார், முகத்தைச் சுளிப்பார். ‘கோபம் வருகிறது’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் எண்ணெய் தேய்த்து உருவவே கூடாது, உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். மற்ற நாளில் இதமான சூட்டில் எண்ணெய் தேய்த்து மூட்டுகளை மடக்கி நீட்டுவது நல்லதுதான். புறா ரத்தம் தேய்த்தால் கை வரும் என்று யாராவது ஒருவர் கட்டாயம் வந்து சொல்வார். கை வராது, கிருமி வரும். வாய் மறுபக்கம் கோணினாலோ, நல்ல கையும் தளர்ந்தாலோ, எழுப்பவே முடியாவிட்டாலோ 108. எந்த மணிக்குத் தொடங்கியது என்பதைச் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டியது. முன்பு பக்கவாதம் வந்தவருக்குப் போடலாமா என்பதை மருத்துவர்கள்தான் முடிவு செய்வார்கள், ஆனால் முடிவு செய்ய அவர்களுக்கு நேரம் மிச்சம் இருக்கவேண்டும்.

மதுரையா, திருவனந்தபுரமா? முதல் நாளிலேயே கேட்டிருந்தால் வேறு பதில். இப்போது உங்கள் கணவருக்குத் தேவைப்படுவது கட்டிலைச் சுற்றி நடக்கிற வேலை. மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டியில் குலுங்கினால் அந்தப் புண் ஒரு வாரம் பின்னோக்கிப் போகும். அந்தப் பணத்தில் ஏர் பெட் வாங்கி, பிசியோதெரபிஸ்டை வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மூச்சு, காய்ச்சல் என்று வந்தால் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை பக்கம். பெரிதாக என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 1965-இல் தொடங்கிய கல்லூரி. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு, வீட்டுக்கே வருவார்கள். உங்கள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியுங்கள். ஆதரவுச் சிகிச்சை என்றால் கடைசிக் காலத்துக்கு என்று பயந்து பலர் மறுத்துவிடுகிறார்கள். உங்கள் புண்ணையும் குழாயையும் வீட்டில் வந்து பார்க்கிற செவிலியர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மகனை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ‘நான் என்ன செய்ய’ என்று தவிப்பார்கள், இந்த அலைச்சல் அவர்களுடையதாக இருக்கட்டும்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1975-இல் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. 2020-இல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். படுக்கையிலிருக்கும் உடம்பைப் புண்ணில்லாமல் பல ஆண்டுகள் வைத்திருக்க முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். மறுவாழ்வுப் பயிற்சி பற்றி அங்கே விசாரிக்கலாம்.

கஷ்டமான ஒன்றையும் இப்போதே பேசிவிடுகிறேன். மறுபடி நிமோனியா வந்து மோசமானால், ‘வென்டிலேட்டர் வைக்கலாமா, உடனே சொல்லுங்கள்’ என்று இரவு இரண்டு மணிக்கு வராந்தாவில் வைத்துக் கேட்பார்கள். அந்த நேரத்தில் எந்த மனைவியாலும் யோசிக்க முடியாது. அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில் மருத்துவரிடம், வைத்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று கேளுங்கள். பிள்ளைகளோடு பேசுங்கள். முடிந்தால் அவரிடமும் கேளுங்கள். பேச்சு போனதால் அவருக்குப் புரியாது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரிப் பக்கவாதத்தில் சொல் வராதே தவிர, பலருக்குக் கேட்பது நிறையவே புரியும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, ஆம் என்றால் கையை அழுத்துங்கள் என்று சொல்லி, பத்து விநாடி காத்திருங்கள். நாம் பெரும்பாலும் மூன்று விநாடியில் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அவர் காதுபட, “இனி எங்கே எழும்ப” என்று பேசுகிறவர்களை அவர் படுத்திருக்கும் கூடத்தை விட்டுத் திண்ணைக்கு அழைத்துப்போய் உட்காரவையுங்கள். காரணமில்லாமல் அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூளையில் அடிபட்ட இடத்தினாலும் அப்படி அழுகை பொங்கும், உண்மையான மனச்சோர்வினாலும் வரும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டு, அதற்கு மருந்து இருக்கிறது. அடுத்த முறை இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக நீங்கள். கடிதம் முழுக்க உங்களைப் பற்றி ஒரே வரிதான்: ‘எனக்கும் பிரஷர் மாத்திரை இருக்கிறது, ஞாபகம் வந்தால் போடுவேன்.’ அவருடைய நோட்டில் தினமும் மேலே முதல் வரியாக உங்கள் மாத்திரையை எழுதி டிக் போடுங்கள். கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், குனிந்து குனிந்துதான் முதுகு போகிறது. கட்டை நகராமல் குழி எடுத்ததாக இருக்கவேண்டும், பக்கத்தில் தடுப்பும் வேண்டும். தூக்காதீர்கள், மடித்த வேட்டியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் எளிதாக நகர்வார். இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து புரட்டவேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். ஏர் பெட் வந்தபிறகு, காலையில் வெளுக்காத சிவப்பு எங்கும் இல்லை என்றால், வீட்டுக்கு வரும் செவிலியரிடம் சொல்லிவிட்டு அதை நான்கு மணி நேரம் வரை நீட்டலாம். பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி. இடையில் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குவதற்கும் ஒன்றரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகத் தூங்குவதற்கும் எத்தனை வித்தியாசம் என்று ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரியும். தூங்காத கண்ணுக்கு ‘ஒரு மாதிரி’ தெரியாது, எனக்குத் தெரியாமல் போனது போல.

உங்கள் நாத்தனாரிடம் சண்டை வேண்டாம். தம்பி இப்படிக் கிடப்பதைப் பார்த்துத் தாங்காமல் வரும் பேச்சு அது. அடுத்த முறை வரும்போது மூச்சு எண்ணுவது எப்படி என்று காட்டிக்கொடுங்கள், அவர் கையாலேயே நோட்டில் எழுதட்டும். பிறகு, “மதினி, செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை நீங்கள் உங்கள் தம்பி பக்கத்தில் உட்காருங்கள்” என்று கேளுங்கள். வாய் வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்ற தாள் தலைமாட்டில் இருக்கிறது. நீங்கள் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுங்கள்.